பங்குனி ஆமை முட்டைகளைக் காக்க ஊரில் ஒரு குழு: அனுமதி, ஆவணம், செலவு, காலம்

தை பிறந்ததும் இரவில் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) என்னும் கடல் ஆமையின் முட்டைகளைக் காக்கலாம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் பலர் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் பருவத்தில் எங்களிடம் ஆர்வம் இருந்தது. அனுமதிக் கடிதமும் இல்லை, பயிற்சியும் இல்லை. பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், நன்றாக விடிந்த பிறகு கண்ட கூடு ஒன்றை நாய்கள் தோண்டிவிடுமே என்ற பதற்றத்தில் நாங்களே தோண்டி, முட்டைகளை நெகிழிப் பையில் அள்ளி, இரு சக்கர வாகனத்தில் மூன்று கிலோமீட்டர் கொண்டுபோய் வேறோர் இடத்தில் புதைத்தோம். அறுபது நாள் காத்திருந்தும் ஒரு குஞ்சுகூட மேலே வரவில்லை. செய்தி அறிந்து வந்த வனக்காப்பாளர் குழியைத் திறந்து காட்டியபோது, வளர்ச்சி தொடங்கிய சில நாட்களிலேயே நின்றுபோன கருக்களைத்தான் பார்த்தோம். சட்டத்தின் கண்ணில் நாங்கள் செய்தது குற்றம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் எங்கள் கையால் வீணாகின. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அடுத்த பருவத்துக்கு முன்பு அலுவலகம் அலுவலகமாக அலைந்து கற்றுக்கொண்டவற்றை, புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படும் வகையில் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது.

1. அக்டோபரில் தொடங்குங்கள்

பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடும் பருவம் ஏறத்தாழ ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது; பிப்ரவரியும் மார்ச்சும் உச்சம். முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். ஆகவே மார்ச் கடைசியில் இட்ட முட்டையின் குஞ்சுகள் மே மாதத்தில்தான் கடலுக்குப் போகும். உங்கள் வேலை ஐந்து மாத வேலை என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள். தேர்வு எழுதும் மாணவர்களை மட்டும் நம்பி அமைக்கப்படும் குழுக்கள் மார்ச்சில், அதாவது கூடுகள் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில், ஆளில்லாமல் நின்றுவிடுகின்றன.

பலர் ஜனவரியில் முதல் ஆமையைப் பார்த்த பிறகே கடிதம் எழுதத் தொடங்குகிறார்கள். நாங்கள் கடிதம் கொடுத்த நாளிலிருந்து எழுத்து வடிவில் ஒப்புதல் கைக்கு வந்து சேர ஏழு வாரம் ஆனது. இடையில் பொங்கல் விடுமுறையோ தேர்தல் பணியோ குறுக்கிட்டால் இன்னும் நாளாகும். அக்டோபரில் ஊரில் பேச வேண்டும், நவம்பர் முதல் வாரத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், டிசம்பரில் பயிற்சி எடுக்க வேண்டும்.

2. உங்கள் கரையில் ஏற்கெனவே யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள்

சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் பருவந்தோறும் இரவு நடை மேற்கொண்டு வருகிறது. நீலாங்கரையை மையமாகக் கொண்ட ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களைக் கொண்டே கரையைக் காத்து வருகிறது. கடலோர மாவட்டங்கள் பலவற்றில் வனத்துறையே பொரிப்பகங்களை, அதாவது கொண்டுவந்த முட்டைகளை வேலிக்குள் புதைத்துக் காக்கும் இடங்களை, நடத்துகிறது. உங்கள் கரை இவர்களில் யாருடைய எல்லைக்குள்ளாவது வந்தால், தனிக்குழு அமைப்பதை ஓராண்டு தள்ளிவைத்து அவர்களோடு நடங்கள். ஒரே மணலில் இரு குழுக்கள் நடந்தால் ஒரே கூட்டை இருவரும் கோலால் குத்திப் பார்ப்பார்கள், இறந்த ஆமையை இருவரும் எண்ணுவார்கள். அதனால் ஆமைக்கு ஒரு நன்மையும் இல்லை.

யாரும் நடக்காத கரை என்றால் மட்டுமே மேலே படியுங்கள்.

3. முதலில் ஊரில் பேசுங்கள், பிறகு அலுவலகத்துக்குப் போங்கள்

நாங்கள் இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் பட்ட தொல்லை சிறிதன்று. வனத்துறைக்குப் போய்விட்டு ஊருக்கு வந்தபோது, கரையில் மீன்பிடிக்கக் கூடாது என்று சொல்லத்தான் ஆள் கூட்டி வந்திருக்கிறோம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அதைத் தணிக்க ஒரு மாதம் ஆனது.

ஊர்ப் பஞ்சாயத்தாரை, அவர்கள் கூடும் நாளில், ஊர் மரியாதைப்படி போய்ப் பாருங்கள். நீங்கள் அந்தக் குப்பத்துக்கு வெளியூர்க்காரர் என்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரை முன்னிறுத்திப் பேசுங்கள். மூன்றே விஷயங்களைச் சொன்னால் போதும்: எந்தெந்த மாதங்களில் நடக்கப் போகிறீர்கள், எத்தனை பேர், படகையும் வலையையும் யாரும் தொடமாட்டார்கள் என்ற உறுதி. பிறகு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வலையில் சிக்கும் ஆமையை விடுவிக்க வலையை அறுத்தால் அந்த நட்டத்தை யார் தருவார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அதற்குப் பொய்யான வாக்குறுதி எதுவும் தராதீர்கள். மீன்வளத்துறையிடமும் மாவட்ட அளவில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் அந்தக் கோரிக்கையை அவர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுக்க நீங்கள் தயார் என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

குழுவில் பாதிப் பேராவது கடலுக்குப் போகும் குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கரைவலை இழுக்கும் ஒரு பெரியவர் எங்களுக்குக் கற்றுத் தந்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுத் தரவில்லை. வாடைக்காற்று ஓய்ந்து தென்றல் திரும்பும் நாட்களில் ஆமை எந்தப் பக்கம் ஏறும், எந்த இடத்தில் மணல் அரிக்கும், அடுத்த ஏற்றத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவார். கூட்டை அதே இடத்தில் விடலாமா, மாற்ற வேண்டுமா என்ற முடிவு பெரும்பாலும் இந்த அறிவைப் பொறுத்தே அமைகிறது.

பேச்சு முடிந்ததும் பஞ்சாயத்தாரிடம் ஒப்புதலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்த படிக்கு அதுதான் உங்கள் முதல் ஆவணம்.

4. வனத்துறை அனுமதி

சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கடலில் வாழும் கடல் ஆமைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருளுக்குள் ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறை; 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காப்பாற்றும் எண்ணத்தில் எடுத்தோம் என்பது, கையில் ஒப்புதல் இல்லாத நிலையில், உங்களைக் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

நடைமுறையில் ஓர் ஊர்க்குழு, வனத்துறையின் மேற்பார்வையில் அதற்கு உதவும் தன்னார்வலர் குழுவாகவே செயல்பட முடியும். விண்ணப்பம் மாவட்ட வன அலுவலருக்கு எழுதப்பட வேண்டும்; வனச்சரக அலுவலருக்கு ஒரு நகல். ஆராய்ச்சி நோக்கில் அளவெடுப்பது, அடையாளமிடுவது, மாதிரி எடுப்பது போன்றவற்றைச் செய்ய நினைத்தால் அது வேறு. அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். புதிய குழு அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் வருவாய் மாவட்டத்தின் வன அலுவலகமே உங்கள் கரைக்கும் பொறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சில கரைகள் தனியான வன உயிரினக் கோட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே அதிகாரி வன உயிரினக் காப்பாளர். எங்கள் முதல் கடிதம் தவறான அலுவலகத்தில் பதினெட்டு நாள் கிடந்தது. கடிதம் எழுதும் முன் உங்கள் பகுதி வனவரையோ வனக்காப்பாளரையோ நேரில் கண்டு, இந்தக் கரை எந்தச் சரகம், எந்தக் கோட்டம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் கேட்கப்பட்டவை இவை:

- கரையின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று குறித்த வரைபடம். கைபேசி வரைபடத்தில் கோடு போட்டு அச்செடுத்தாலே போதும். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் முதல் ஆண்டில் கேட்காதீர்கள். மணலில் ஐந்து கிலோமீட்டர் போய் வருவதற்குள் பாதி இரவு போய்விடும்.
- உறுப்பினர் பட்டியல்: பெயர், வயது, முகவரி, கைபேசி எண், ஆதார் நகல், ஒரு புகைப்படம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம்.
- ஊர்ப் பஞ்சாயத்தாரின் ஒப்புதல்.
- பருவத்தின் தொடக்க, முடிவு நாட்களும், பொறுப்பாளர் இருவரின் பெயர்களும்.
- முட்டைகளைத் தனியாக இடம் மாற்றமாட்டோம், ஒவ்வொரு கூட்டையும் அன்றே தெரிவிப்போம் என்ற உறுதிமொழி.

கட்டணம் எதுவும் நாங்கள் செலுத்தவில்லை. நகல், புகைப்படம், பேருந்து என்று ஆன செலவு 900 ரூபாய்க்குள் அடங்கியது. கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கடிதம் வந்து சேரவில்லை என்று பிறகு சொல்லப்பட்டபோது அந்த முத்திரைதான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். உங்கள் கரையில் முந்தைய பருவங்களில் பதிவான கூடுகளின் எண்ணிக்கை போன்ற விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். பதிலளிக்க 30 நாள் கெடு உண்டு. ஆனால் வனக்காப்பாளரிடம் அன்பாகக் கேட்டாலே கிடைத்துவிடக்கூடிய விவரத்துக்கு இந்த வழியில் போய் உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் ஆண்டுக் கணக்கு, பொதுக்குழு, பதிவாளரிடம் தாக்கல் என்று வேலை கூடும். நன்கொடை வாங்கப் போவதில்லை என்றால் முதல் இரண்டு பருவங்களுக்கு அது தேவைப்படாது.

5. காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம்

இரவு ஒரு மணிக்குக் கையில் கோலுடன் கடற்கரையில் நடக்கும் ஆறு பேரை ரோந்து வரும் காவலர்கள் நிறுத்திக் கேட்பது இயல்பு. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் உறுப்பினர் பட்டியலுடன் தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்து வையுங்கள். ஒப்புதல் கடிதத்தின் நகலை நெகிழி உறையிலிட்டு ஒவ்வொரு நடையின்போதும் ஒருவர் கொண்டுசெல்ல வேண்டும்.

6. விளக்குகள்: நவம்பரிலேயே தீர்க்க வேண்டிய சிக்கல்

குஞ்சுகள் மணலிலிருந்து வெளியே வந்ததும் வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கிப் போகும். ஆளற்ற கரையில் அது கடல். விளக்குள்ள கரையில் அது தெரு. ஒரு மே மாத அதிகாலையில், நாங்கள் அறியாமல் விட்டிருந்த ஒரு கூட்டிலிருந்து வந்த குஞ்சுகளின் தடங்கள் ஒன்றுகூடக் கடல் பக்கம் போகாமல், ஐஸ் உடைக்கும் கொட்டகையின் வெளிச்சத்தை நோக்கி நூல் பிடித்தாற்போல் போயிருந்ததைப் பார்த்தேன். சாலையோரம் இருபத்து மூன்று குஞ்சுகளைப் பொறுக்கினோம். அவற்றில் ஒன்பதுதான் உயிரோடு இருந்தன.

விளக்கை அணைப்பது ஒரு நாள் வேலையன்று. கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ம் நவம்பர் 1-ம் பருவத்துக்கு முன்பு வருகின்றன. அந்தக் கூட்டங்களில், ஜனவரி முதல் மே முடிய இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்கவோ மறைக்கவோ வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றக் கேளுங்கள். தீர்மானத்தின் நகலை ஊராட்சிச் செயலரிடம் பெற்று, மின்வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இணைத்துக் கொடுங்கள்.

அணைக்க முடியாத விளக்குகளும் உண்டு. பின்னிரவு மூன்று மணிக்குப் படகைத் தள்ளும் இடத்தில் வெளிச்சம் இல்லாவிட்டால் கால் உடையும். அந்த விளக்கை அணைக்கச் சொல்லி யாரும் கேட்கவே கூடாது. அதன் கடல் பக்கத்தில் தகரத் தடுப்பு ஒன்றை வைத்து ஒளியைக் கீழே மட்டும் விழச் செய்யலாம். எங்கள் ஊரில் ஒரு தடுப்புக்கு 350 ரூபாய் ஆனது, ஏணி வைத்து மாட்டியது மின்வாரிய ஊழியரே. தங்கும் விடுதிகளுக்கு முதலில் மேலாளரிடம் கடிதம் கொடுங்கள். கேட்கவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் ஆமை முட்டையிடும் இடங்கள் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் பிரிவில் வைக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு எழுதுங்கள்.

7. வாங்க வேண்டியவை

எட்டுப் பேர் குழுவுக்கு நாங்கள் முதலில் செலவிட்டது 5,800 ரூபாய். அதில் பெரும்பகுதி தலையில் மாட்டும் விளக்குகளுக்குப் போனது. ஒன்று 300 முதல் 450 ரூபாய். சிவப்பு ஒளி ஆமையின் கண்ணை அதிகம் உறுத்தாது என்பதால் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினோம். துணிப்பைகள் ஆறு, தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா இரண்டு, மெல்லிய ரப்பர் கையுறைப் பெட்டி ஒன்று, முதலுதவிப் பெட்டி, நனையாத அட்டை போட்ட பதிவேடு, மழுங்கிய முனையுள்ள மூங்கில் கோல் ஒன்று. வேறு எதுவும் தேவையில்லை. ட்ரோன் வாங்க நன்கொடை தருவதாகச் சொன்னவரை நாங்கள் மறுத்துவிட்டோம்.

8. இரவு நடை

பத்து மணிக்குப் பிறகு கிளம்பி நான்கு மணிக்குள் முடிப்பது எங்கள் வழக்கம். தனியாக ஒருவரும் நடக்கக் கூடாது. நான்கு பேர் போதும், பத்துப் பேருக்கு மேல் கூடாது. ஈர மணலை ஒட்டி, அலை தொடும் கோட்டுக்குச் சற்று மேலே வரிசையாக நடங்கள். அப்போதுதான் கடலிலிருந்து ஏறிய தடம் குறுக்கே வரும்.

பங்குனி ஆமையின் தடம் இடதும் வலதுமாக மாறி மாறிப் பதிந்திருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருக்க, நடுவே மணல் கலைந்த இடம் இருந்தால் அங்கே கூடு இருக்கலாம். ஏறி, இடம் பிடிக்காமல் முட்டையிடாமலேயே திரும்பியிருக்கவும் கூடும். அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஆமையை நேரில் கண்டால் அப்படியே உட்காருங்கள். ஏறும்போதும் குழி தோண்டும்போதும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது கடலுக்குத் திரும்பிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கமாகப் பத்தடி தள்ளி இருங்கள். பின்துடுப்புகளால் ஒரு பிடி மணலைச் சுருட்டி எடுத்து வெளியே வைத்துவிட்டு, மறு துடுப்பால் அடுத்த பிடியை எடுக்கும் அந்த நிதானம், பார்ப்பவரை மூச்சடக்க வைக்கும். முட்டையிட்டு மூடிய பிறகு உடலை இடமும் வலமும் சாய்த்து அடிவயிற்றால் மணலை இடிக்கும். திம் திம் என்ற அந்த ஓசை அருகில் இருப்பவர்களுக்குக் கேட்கும். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். கைபேசி வெளிச்சம், படமெடுக்கும் மின்னொளி, ஆமையின் மேல் கைவைத்தல் எதற்கும் இடம் தராதீர்கள். பார்வையாளர்களை முதல் பருவத்தில் கூட்டிப்போகவே வேண்டாம்.

9. கூட்டைக் கண்ட பிறகு

முதல் வேலை வனக்காப்பாளருக்கு அழைப்பு. இரண்டாவது, இடத்தைக் காத்து நிற்பது. மூன்றாவதாகத்தான் முட்டைகளைப் பற்றிய முடிவு வருகிறது; அதை எடுப்பவர் வனத்துறை அலுவலர், அல்லது அவர் எழுத்து மூலம் அனுமதித்த, பயிற்சி பெற்ற ஒருவர்.

கூடு இருந்த இடத்திலேயே இருப்பதுதான் மிகச் சிறந்தது. ஏற்றத்தின்போது தண்ணீர் தொடாத உயரம், நாய் நடமாட்டம் குறைவு, அருகில் விளக்கில்லை என்றால் அதைச் சுற்றி வேலியிட்டு, தடத்தை அழித்துவிட்டு வந்துவிடலாம். முட்டைகளை அள்ளிக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது; அதிலிருந்து வெளியே வர எங்களுக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை அதிகம். கோலை மணலில் மெல்ல ஊன்றிப் பார்க்கும்போது, இறுகிய மணல் சட்டென்று தளர்ந்து கோல் வழுக்கி இறங்கும் இடத்தில் முட்டைக்குழி இருக்கும். கோலை அழுத்தினால் மேல் முட்டைகள் உடையும் என்பதால் இதைப் பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும். பிறகு கையால் தோண்ட வேண்டும். முட்டைகள் மேசைப்பந்து அளவில், வெள்ளையாக, தோல் போன்ற ஓட்டுடன் இருக்கும். ஒரு கூட்டில் பெரும்பாலும் நூறிலிருந்து நூற்றிருபது வரை. ஒவ்வொன்றையும் எடுத்த நிலை மாறாமல், உருட்டாமல், திருப்பாமல் துணிப்பையில் வைக்க வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்குகிறது; அதன்பின் திருப்பினாலும் குலுக்கினாலும் அது செத்துவிடும். எங்கள் முதல் கூடு அழிந்தது இதனால்தான். விடிந்த பிறகு கண்ட கூட்டை, எப்போது இட்டது என்று தெரியாத நிலையில், தோண்டாதீர்கள். சுற்றி வேலியிட்டுக் காவல் காப்பதே வழி. பையை வாகனத்தில் கொண்டுபோகாமல் கையில் தாங்கி நடந்து போங்கள்.

10. பொரிப்பகம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டால்

வனத்துறை தன் மேற்பார்வையில் ஒரு வேலியிட்ட பொரிப்பகத்தைக் குழுவின் காவலில் விடக்கூடும். இருபதுக்கு இருபது அடி இடம் ஏறத்தாழ முப்பத்தைந்து கூடுகளுக்குப் போதும். இரண்டு கூடுகளுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். சவுக்குக் கம்பு, மூங்கில் தட்டி, பழைய வலை, கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 14,000 ரூபாய் ஆனது. இந்தச் செலவைவிடப் பெரியது காவல். இரவுக் காவலுக்கு ஆள் வைத்தால் நான்கு மாதக் கூலியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். அது கைவசம் இல்லாமல் பொரிப்பகத்தை ஏற்காதீர்கள்.

குழியின் ஆழம் சுமார் 45 சென்டிமீட்டர்; வாய் குறுகி, அடி அகன்று, பானை வடிவில் இருக்க வேண்டும். ஆமை தோண்டுவதும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை: கூட்டு எண், இட்ட தேதி, முட்டை எண்ணிக்கை, எடுத்த இடம். சென்ற ஆண்டு பயன்படுத்திய அதே மணலில் மீண்டும் வைத்தால் பழைய ஓடுகளிலிருந்து பூஞ்சை பரவும். ஆண்டுதோறும் இடத்தை மாற்றுங்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். மணலின் வெப்பநிலைதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரி செல்சியஸ் என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் பெண்கள் மிகும், கீழே ஆண்கள் மிகும். 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கருக்கள் சாகத் தொடங்கும். மார்ச் பாதிக்குமேல் ஓலைக்கீற்றால் உயரத்தில் பந்தல் போடுவது நல்லது. எத்தனை பகுதிக்கு நிழல், எப்போதிலிருந்து என்பதை வனத்துறையிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். முழுவதையும் மூடி மணலைக் குளிரவிடுவதும் தவறுதான்.

11. குஞ்சுகள் வெளிவரும் நாட்கள்

நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டின் மேலும் அடியில்லாத மூங்கில் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். குஞ்சுகள் உள்ளிருந்து மேலேறும்போது மேல் மணல் கிண்ணம் போலச் சற்றே உள்வாங்கும். அதைக் கண்டால் அன்றிரவு யாரும் தூங்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

வெளிவந்த குஞ்சுகளை உடனே, இருட்டிலேயே விடுங்கள். விருந்தினர் வரட்டும் என்று காலை ஏழு மணி வரை வாளியில் வைத்திருக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். வெளிவந்த முதல் சில மணி நேரத்தின் வேகம்தான் கரையோர மீன்களையும் பறவைகளையும் கடந்துபோக அவற்றுக்கு உதவுகிறது; வாளியில் துடுப்படித்து அந்தத் தெம்பெல்லாம் தீர்ந்துவிடும். அலைக்குப் பதினைந்து அடி முன்னே ஈர மணலில் விட்டு, தாமே நடந்து கடலில் இறங்க விடுங்கள். ஒரே இடத்தில் தினமும் விட்டால் மீன்கள் அங்கே காத்திருக்கும். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

12. வலையில் சிக்கியதும் கரையில் ஒதுங்கியதும்

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. நீங்கள் நடக்கும் கரையிலும் இறந்த ஆமையைப் பார்க்கத்தான் போகிறீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். படம், இடம், தேதி, ஓட்டின் வளைவு நீளம் (முதுகு ஓட்டின் வளைவோடு நாடாவை வைத்து அளந்தது) ஆகியவற்றைப் பதிந்து வனக்காப்பாளருக்குச் சொல்லுங்கள். உடற்கூறு ஆய்வு வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அலை இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் ஒதுக்கினால் இரு முறை எண்ணாமலிருக்க, அவர்கள் சம்மதத்துடன் ஓட்டில் வண்ணப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள்.

வலையிலிருந்து மயக்க நிலையில் எடுத்த ஆமை செத்துவிட்டதாக நினைத்துக் கடலில் எறிந்தால் மூழ்கி இறந்துவிடும். இதைப் படகுக்காரர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்: அடிவயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியைச் சுமார் ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்திருக்க வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட அது விழித்துக்கொள்ளும். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கத்தில் மெல்ல இறக்கிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் படகு ஒன்றில் மதியம் தூக்கிய ஆமை அந்தி சாயும் நேரத்தில் தலையைத் தூக்கியதை அந்தப் படகோட்டி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

13. பதிவேடும் அடுத்த ஆண்டும்

ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடந்தவர்கள், கூடு, வெறுந்தடம் (முட்டையிடாமல் திரும்பிய தடம்), இறந்த ஆமை. ஒன்றும் காணாத இரவையும் எழுதுங்கள். அது இல்லாமல் கணக்குக்குப் பொருளில்லை. பொரித்த கூட்டை இரண்டு மூன்று நாள் கழித்து வனத்துறை அலுவலர் முன்னிலையில் திறந்து, வெற்று ஓடு, பொரியாத முட்டை, இறந்த குஞ்சு எனத் தனித்தனியே எண்ணுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அவை கரையில் நிற்கும் இந்த நாட்களில் ஊரார் கூடிப் பேச நேரம் கிடைக்கும். கடைசிக் கூடு பொரிந்ததும் இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதி, வரவு செலவுக் கணக்கோடு முதலில் பஞ்சாயத்தாரிடம் படித்துக் காட்டுங்கள். பிறகு ஜூன் மாதத்துக்குள் மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலை அடுத்த நவம்பர் விண்ணப்பத்தின் முதல் தாளாக இணைத்தபோது, எங்களுக்கு ஒப்புதல் பதினோரு நாளில் வந்தது.